உளுந்துக்குப் பின் சம்பா: யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாமா?

வெண்ணாறு:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்களுக்கு 9 மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். நல்ல களிமண். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் சாவகாசமாகத்தான் வரும் என்பதால் குறுவை வைப்பதில்லை. ஆகஸ்ட் பாதியில் சி.ஆர். 1009 சப் 1 என்ற நீண்ட கால நெல் ரகம் நேரடி விதைப்பு, ஜனவரி கடைசியில் அறுப்பு. அறுப்புக்கு முன்பே, மண் மெழுகு பதத்தில் ஈரமாக இருக்கும்போது உளுந்து தெளித்துவிடுவோம். ஏப்ரலில் உளுந்தைப் பிடுங்கியபிறகு ஆகஸ்ட் வரை நிலம் சும்மா கிடக்கும். நடுவில் கோடை மழைக்கு ஓர் உழவு, அவ்வளவுதான்.

சம்பாவுக்கு அப்பா போடுவது ஏக்கருக்குத் தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 4 மூட்டை யூரியா, தழைச்சத்தோடு மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உள்ள டி.ஏ.பி. 1 மூட்டை. சாம்பல் சத்துக்கான பொட்டாஷ் எப்போதாவது, கிடைத்தால். சித்தப்பா சொல்வது வேறு. "உளுந்து வேரில் முடிச்சு முடிச்சாகத் தழைச்சத்து இருக்கு, பாதி யூரியா போதும், மீதியைக் கடைக்காரனுக்குத் தானம் பண்றே" என்கிறார். உரக்கடையிலோ, 4 மூட்டைக்குக் குறைந்தால் தூர் கட்டாது என்கிறார்கள்.

விளைச்சல் மாவுக்கு 12 மூட்டையிலேயே நிற்கிறது (60 கிலோ மூட்டை). பயிர் பார்க்கக் கரும்பச்சையாக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இலைச்சுருட்டுப் புழுவுக்கு இரண்டு முறையாவது மருந்து அடிக்க வேண்டியிருக்கிறது, தூற்றும்போது பதரும் கருக்காயும் அதிகம். அடுத்த வயல்காரருக்கு அதே ரகம், அதே வாய்க்கால், மாவுக்கு 14 மூட்டை. அவர் எங்களைவிடக் குறைவாகத்தான் யூரியா போடுகிறார். இதுதான் எனக்குப் புரியவில்லை.

மண் பரிசோதனை அட்டை இருக்கிறது. ஹெக்டேருக்குத் தழைச்சத்து 210 கிலோ, மணிச்சத்து 26, சாம்பல் சத்து 265. கார அமில நிலை 7.6. இதை வைத்து யாராவது வழி சொல்லுங்கள்.

கோட்டூர் வயல்:

சித்தப்பா கட்சி நான். பயறு வகை வந்துபோன நிலத்தில் நெல் எப்போதும் ஒரு சுற்று கூடத்தான் நிற்கும், எங்கள் பக்கம் கண்ணால் பார்த்தது. தைரியமாகப் பாதியாகக் குறையுங்கள்.

பழைய ஏ.ஓ.:

தம்பி, வேளாண்மைத் துறையில் அலுவலராக (ஏ.ஓ.) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாதி நாட்கள் பழைய டெல்டாவில்தான் போயின. உங்கள் அப்பா, சித்தப்பா இரண்டு பேர் கணக்கிலும் விடுபட்டது இருக்கிறது. முதலில் அப்பா பக்கத்தைப் பார்ப்போம்.

இப்போது யூரியா மூட்டை 45 கிலோ. அதில் 46 சதவீதம் தழைச்சத்து, ஆக மூட்டைக்குச் சுமார் 20.7 கிலோ. 4 மூட்டைக்கு 83 கிலோ. டி.ஏ.பி.யில் இன்னொரு 9. மொத்தம் 92 கிலோ தழைச்சத்து ஓர் ஏக்கருக்குள் இறங்குகிறது. மத்திய, நீண்ட கால ரகங்களுக்குப் வேளாண்மைப் பல்கலைக்கழகப் பொதுப் பரிந்துரை தழை, மணி, சாம்பல் என்ற வரிசையில் ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ, ஏக்கருக்கு 60:20:20. நீங்கள் தழைச்சத்தில் ஒன்றரை மடங்கு போட்டுவிட்டு சாம்பல் சத்தைப் பூஜ்யத்தில் விட்டிருக்கிறீர்கள். கரும்பச்சைக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் பதருக்கும் காரணம் தேடி வெளியே போக வேண்டாம். இலையில் தழைச்சத்து ஏற ஏறப் புழுவுக்கும் புகையான் பூச்சிக்கும் விருந்து. தூர் கூடிக்கொண்டே போகும், அத்தனை தூருக்கும் மணி பிடிக்காது. 1009 தண்டு உறுதியானது, அதனால் சாயாமல் தப்பிக்கிறீர்கள். இதே உரத்தை வெள்ளைப் பொன்னிக்குப் போட்டிருந்தால் ஐப்பசி மழையிலேயே தரையில் படுத்திருக்கும்.

இப்போது சித்தப்பா பக்கம். உளுந்து காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது என்பது உண்மை. ஆனால் பிடித்தது எங்கே போகிறது என்று பாருங்கள். நெல்லுக்குப் பின் உங்களைப் போல் தெளிக்கிற தரிசு உளுந்து ஏக்கருக்கு 250 கிலோ கண்டால், அந்தப் பருப்புக்குள்ளேயே சுமார் 10 கிலோ தழைச்சத்து இருக்கிறது. புரதம் என்றால் அதுதானே. அது வியாபாரியோடு லாரி ஏறிவிட்டது. செடியை அறுக்காமல் பிடுங்குகிறீர்கள், களத்தில் போட்டு அடிக்கிறீர்கள், அடித்து மிஞ்சுகிற பொட்டு மாட்டுக்குப் போகிறது. அப்படியென்றால் வேரும் முடிச்சும்கூட வயலில் இல்லை. மிஞ்சுவது உதிர்ந்த இலை. சித்தப்பா நினைக்கிற அளவுக்கு அதில் சரக்கு கிடையாது.

மிஞ்சுகிற அந்தக் கொஞ்சமும் ஆகஸ்ட் வரை காத்திருக்காது. கோடையில் மண் காய்ந்து வெடிக்கிறது, அப்புறம் ஒரு மழை, நீங்கள் ஓர் உழவு. காற்றோட்டம் உள்ள மண்ணில் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி நிற்கும். ஆகஸ்டில் வயலில் தண்ணீர் கட்டியதும், காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை வாயுவாக்கி மேலே விட்டுவிடும். நீங்கள் விதைக்கும் முன்பே அது போயாச்சு. நெல் சுற்றில் இந்த இழப்பைப் பற்றி விவசாயிகளிடம் யாரும் பேசுவதே இல்லை, எனக்கு இது ரொம்ப நாள் வருத்தம்.

இதற்காக உளுந்தை விட்டுவிடாதீர்கள். சம்பா முழுக்கச் சேறாகக் கிடக்கிற களிமண்ணுக்கு மூன்று மாதம் காற்று கிடைப்பதும், நெல் பூச்சிகளுக்கு நடுவில் ஓர் இடைவெளி விழுவதும் பெரிய காரியம். கோட்டூர் நண்பர் கண்ணால் பார்த்தது இதுவாக இருக்கலாம். அதைத் தழைச்சத்துக் கணக்கில் எழுதி யூரியாவைப் பாதியாக வெட்டுவதுதான் தப்பு.

சரி, எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உங்கள் அடுத்த வயல்காரர் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை நிலத்தில் என்ன செய்கிறார்? வைக்கோலை என்ன செய்கிறார்? நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

வெண்ணாறு:

ஐயா, நேற்று போய்க் கேட்டுவிட்டே வந்தேன். மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வந்ததும் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு தெளிக்கிறார். ஆகஸ்டில் மடக்கி உழுதுவிட்டுத்தான் விதைப்பு. வீட்டில் 5 மாடு, வைக்கோலை வெளியே விற்பதில்லை, எரு வயலுக்கே வருகிறது. யூரியா இரண்டு மூட்டைதானாம்.

எங்கள் வைக்கோல் அறுத்த நான்காம் நாளே கட்டு கட்டி லாரியில் போய்விடும், கேரளாவுக்கு என்கிறார்கள். ஏக்கருக்கு 30, 35 கட்டு வரும். வைக்கோலை எடுக்காவிட்டால் முளைத்து வருகிற உளுந்தின் மேல் வரிசையாக மூடிக்கொண்டு கிடக்கிறது, அந்த வரிசை முழுக்கச் செடி வெளுத்துப்போகும். அதனால் எடுத்தே ஆக வேண்டும்.

உளுந்துக்கு நாங்கள் உரம் எதுவும் போடுவதில்லை. இரண்டு மூட்டை யூரியாவில் 14 மூட்டை நெல் எப்படி வருகிறது என்று அப்பா நம்பவே மாட்டேன் என்கிறார்.

பஞ்சகவ்யம்:

இந்த மூட்டைக் கணக்கெல்லாம் எதற்கு? மாப்பிள்ளைச் சம்பா போடுங்கள், யூரியாவே வேண்டாம். மண்ணைக் கெடுத்ததே இந்த உரம்தான். நம் தாத்தாக்கள் எந்த டி.ஏ.பி. போட்டார்கள்?

பழைய ஏ.ஓ.:

பஞ்சகவ்யம் நண்பருக்கு முதலில். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு யூரியா தேவைப்படாது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆளுயரம் வளர்கிற ரகம், தழைச்சத்து கூடினால் விழுந்துவிடும். ஆனால் அது கொடுக்கிற விளைச்சலை 1009 கொடுப்பதோடு ஒப்பிட்டுக் குடும்பம் நடத்த முடியுமா என்பதை அவரவர் வீட்டுச் செலவு முடிவு செய்யட்டும்.

"உரம் மண்ணைக் கெடுத்தது" என்பதற்குக் கோயம்புத்தூரில் போய்ப் பார்க்கலாம். வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்துப் பாத்திகள். 1972 முதல் கேழ்வரகு, மக்காச்சோளம் என்று மாற்றி மாற்றிப் போட்டு இன்னொரு நீண்ட காலப் பரிசோதனையும் நடக்கிறது. எதுவும் போடாத பாத்தி அடிமட்டத்தில். தழைச்சத்து மட்டும் போட்ட பாத்தி மற்றவற்றைப் பிடிக்க முடியாமல் பின்தங்கும். மூன்று சத்தும் தொழு உரமும் சேர்ந்த பாத்திதான் தலையில் நிற்கும். இதே வரிசையில் ஹிமாச்சலப் பிரதேசத்துப் பாலம்பூரில், மக்காச்சோளம்–கோதுமைச் சுற்றில், யூரியா மட்டும் போட்டு வந்த பாத்திகளில் மண் புளித்துப் புளித்து விளைச்சல் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அது ஏற்கெனவே அமில மண், நமது டெல்டா களிக்கு அப்படி ஆகாது. ஆனாலும் ஒரே சத்தை மட்டும் ஊட்டிக்கொண்டே போனால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். உரம் போட்டதால் வந்த கேடில்லை அது. ஒன்றை மட்டும் போட்டதால் வந்தது.

இப்போது வெண்ணாறு தம்பிக்கு. அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

யூரியாவே போடாமல் விட்டாலும் உங்கள் களிமண் ஏக்கருக்கு ஒன்றரை டன் பக்கம் நெல் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பழைய அழுகல், நீர், பாசி, எல்லாவற்றிலிருந்தும் மண் தானாக ஊட்டுவது அது. மாவுக்கு 14 மூட்டை என்றால் ஏக்கருக்கு 2.5 டன். உரத்திலிருந்து வர வேண்டியது ஒரு டன் மட்டும்தான். ஒழுங்காகப் பிரித்துப் போட்டால் ஒரு டன் கூடுதல் நெல்லுக்கு 40 முதல் 50 கிலோ தழைச்சத்து தேவைப்படும். நன்றாக வந்த 45 நாள் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 25 கிலோவாவது மண்ணில் சேர்க்கும். அவர் வீட்டு எருவும் இருக்கிறது. மீதிக்கு இரண்டு மூட்டை யூரியா தாராளம். மந்திரம் ஒன்றுமில்லை.

தக்கைப்பூண்டு இன்னொரு வேலையும் செய்கிறது. வயலில் சும்மா கிடந்த நைட்ரேட்டை வேர் வழியே உறிஞ்சித் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது. மடக்கி உழும்போது அது மறுபடி மண்ணுக்கு வருகிறது. உங்கள் வயலில் ஆவியாகப் போனது அவர் வயலில் நெல்லாக வருகிறது.

வைக்கோலுக்கு வருவோம், எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வைக்கோலில்தான் நிற்கிறது, நெல்லில் இல்லை. நெல்லை மட்டும் விற்றால் பொட்டாஷ் இழப்பு அற்பம். 35 கட்டு, கட்டுக்கு 30 கிலோ என்றால் ஏறக்குறைய ஒரு டன் வைக்கோல். அதில் 17, 18 கிலோ சாம்பல் சத்து. பொட்டாஷ் உரமாகச் சொன்னால் 30 கிலோ, அரை மூட்டைக்கும் மேல், வருடாவருடம் லாரியில் ஏறுகிறது. நீங்கள் திருப்பிப் போடுவது "கிடைத்தால்". அட்டையில் 265 என்று இருக்கிறதே என்பீர்கள். நடுத்தரம் என்ற வரம்பே 118 முதல் 280 வரைதான், நீங்கள் அதன் மேல் விளிம்பில் இருக்கிறீர்கள். களிமண் கையிருப்பு உள்ள மண், நாளைக்கே பஞ்சம் வராது. ஆனால் 92 கிலோ தழைச்சத்து ஊட்டிய பயிர் அதற்கு ஈடாகச் சாம்பல் சத்தும் கேட்கும். மணி முற்றும் நேரத்தில் அது குறைந்தால் கருக்காய்தான். கட்டு விற்ற காசில் பொட்டாஷுக்கு என்று முதலிலேயே எடுத்து வையுங்கள். கட்டுக்காரர் கொடுக்கும் பணம் லாபமா என்பது அதற்கு அப்புறம்தான் தெரியும்.

கரிசல் பெரம்பலூர்:

ஏ.ஓ. ஐயா மணிச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, 26 என்று போட்டிருக்கிறாரே. எங்கள் பக்கம் சின்ன வெங்காயம் எடுத்த நிலத்தில் மக்காச்சோளம் போடுவோம். வெங்காயத்துக்கு டி.ஏ.பி.யை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். அடுத்து வருகிற சோளத்துக்கும் வழக்கம்போல அடியுரம் என்று மறுபடி டி.ஏ.பி. பதினைந்து இருபது நாளில் குருத்து வெளுத்து நிற்கும். உடனே கடையில் யூரியா போடச் சொல்வார்கள். போட்டாலும் வெளுப்பு போகாது. மணிச்சத்து மண்டிக் கிடந்தால் துத்தநாகத்தைப் பயிர் எடுக்க முடியாது, அதுதான் விஷயம். ஏக்கருக்கு 15 கிலோ சிங்க் சல்பேட் மணலில் கலந்து போட்டுவிட்டு டி.ஏ.பி.யை நிறுத்தினால் தீர்ந்தது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து மட்டும் போட்டுவிடாதீர்கள், இரண்டும் வீண்.

அதோடு வீரிய ஒட்டு மக்காச்சோளம் சாதாரணப் பயிர் இல்லை. இறவைக்குப் பரிந்துரையே ஏக்கருக்கு 100:30:30. "முன்பயிரின் மிச்சம் போதும்" என்று தழைச்சத்தில் கை வைத்தால் கதிர் நுனி சொத்தையாக நிற்கும். மணிச்சத்து மிஞ்சி நிற்கும், தழைச்சத்து மிஞ்சாது. வெங்காயக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும்.

பழைய ஏ.ஓ.:

பெரம்பலூர்க்காரர் சரியாகப் பிடித்தார், நான் எழுத மறந்ததை எழுதிவிட்டார். 22க்கு மேல் போனால் மணிச்சத்து அதிகம் என்றுதான் அர்த்தம். நெல்லுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. வயலில் தண்ணீர் நின்றால், இரும்போடு ஒட்டிக்கொண்டு பயன்படாமல் இருக்கும் மணிச்சத்து கரைந்து வெளியே வரும். சேற்றில் இருக்கும்வரை சம்பாவுக்கு அந்தக் குறை தெரியாது. தண்ணீர் வடிந்து மண் இறுகும்போது அது மறுபடி பூட்டிக்கொள்ளும். அப்போது வயலில் நிற்பது யார்? உளுந்து. சுற்றில் மணிச்சத்துக்கு ஏங்குவது அதுதான், நாம் டி.ஏ.பி. கொட்டுவதோ நெல்லுக்கு.

தரிசு உளுந்துக்கு மண்ணில் உரம் இட வழியில்லை. அதனால் இலைவழி. 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலை கொஞ்சம் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் தெளிந்ததை வடித்து, 200 லிட்டராக்கி ஏக்கருக்குத் தெளிக்க வேண்டும். பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை. வெயில் தாழ்ந்தபிறகு தெளியுங்கள். சம்பாவுக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி.யை அரை மூட்டையாக்கி, மிச்சத்தில் 8 கிலோவை எடுத்து இதற்கு வையுங்கள். சம்பாவுக்குக் கடைசி உழவில் சிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ, மணலோடு.

வெண்ணாறு:

ஐயா, எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்குக் கணக்கைப் படித்துக் காட்டினேன். பொட்டாஷ், டி.ஏ.பி. வரைக்கும் தலையாட்டினார். யூரியாவை ஒரேயடியாக 4இலிருந்து 2 ஆக்கச் சம்மதிக்கவில்லை. தக்கைப்பூண்டுக்கும் ஒரு சிக்கல்: கோடையில் எங்கள் பக்கம் ஆடு மாடு அவிழ்த்து விட்டுவிடுவார்கள், முளைத்தால் மேய்ந்துவிடும். வருடாவருடம் ராமநாதபுரத்து ஆடுகளை ராத்திரி வயலில் அடைத்துக் கிடை போடுகிறோமே, அது தக்கைப்பூண்டுக்கு ஈடாகாதா?

பழைய ஏ.ஓ.:

கிடை நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனால் ஆடு பகலில் எங்கே மேய்கிறது என்று பாருங்கள். ஊர்ப் பொதுவிலும் கரையிலும் மேய்ந்துவிட்டு ராத்திரி உங்கள் வயலில் படுத்தால் வெளியிலிருந்து வரும் சத்து உங்களுக்கு வரவு. உங்கள் தாளையே மேய்ந்து உங்கள் வயலிலேயே போட்டால் இருந்தது இருந்த இடத்தில். அப்புறம் ஆட்டு மூத்திரத்தின் தழைச்சத்தும் கோடையில் நைட்ரேட்டாகி, ஆகஸ்ட் தண்ணீரில் போகிற கூட்டம்தான். கிடையை விதைப்புக்குப் பக்கமாக, ஜூலையில் போட முடிந்தால் பிரயோஜனம் கூடும். அந்த நேரத்தில் கிடைக்காரர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

தக்கைப்பூண்டை ஜூன் கடைசியில், தண்ணீர் வந்து ஊரே விதைப்பில் இறங்கியபிறகு தெளியுங்கள். அப்போது யாரும் மாட்டை அவிழ்த்துவிட மாட்டார்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை. ஆகஸ்ட் பத்து வாக்கில் பூ எடுக்கும் முன் ரோட்டாவேட்டரில் மடக்கிவிட்டு ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் கட்டி அழுகவிட்டு விதையுங்கள். தண்டு முற்றினால் அழுகாது, விதைப்புக்கு இடைஞ்சல்.

அப்பாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். 9 மாவில் 3 மாவை மட்டும் உங்கள் பேரில் வாங்கிக்கொள்ளுங்கள். தக்கைப்பூண்டு, அரை மூட்டை டி.ஏ.பி., பொட்டாஷ் அரை மூட்டைக்குக் கொஞ்சம் மேல், அதில் பாதி அடியுரம், பாதி கதிர் உருவாகும்போது. அடியுரமாக யூரியா வேண்டாம். விதைத்த 21ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட எண்ணிட்ட பச்சைப் பட்டைகள் உள்ளது) எடுத்துக்கொண்டு போய், வெயிலை முதுகால் மறைத்துக்கொண்டு, முழுதாக விரிந்த மேல் இலையாகப் பத்துச் செடியில் பாருங்கள். ஆறு இலையாவது 4ஆம் எண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தால் அன்றைக்கு 25 கிலோ யூரியா. இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். பூக்கும் வரை இதுதான். அதற்குள் எத்தனை தடவை போட நேர்ந்தது என்று எழுதி வையுங்கள்.

அந்த 3 மாவுக்குள்ளேயே ஒரு மூலையில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் வரப்பு கட்டி, அங்கே யூரியா ஒரு பிடிகூட விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் போடலாம். அறுப்பின்போது இயந்திரம் இறங்குமுன் அதைக் கையால் அறுத்து, காயவைத்து, எடை போடுங்கள். நான் ஒன்றரை டன் என்று குத்துமதிப்பாகச் சொன்னது உங்கள் மண்ணுக்கு எவ்வளவு என்று அப்போது தெரிந்துவிடும். அடுத்த வருட யூரியாவை அதிலிருந்து போட்டுக்கொள்ளலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை.

கோட்டூர் வயல்:

ஐயா, அந்த 25 சதுர மீட்டர் கணக்கை ஏக்கருக்கு எப்படி மாற்றுவது?

பழைய ஏ.ஓ.:

கிடைத்த கிலோவை 160ஆல் பெருக்குங்கள், ஏக்கருக்கு வந்துவிடும். 9 கிலோ வந்தால் 1,440. ஈரம் குறைந்தபிறகு எடை போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரையும் சேர்த்து நெல் என்று எழுதுவீர்கள்.

வெண்ணாறு:

3 மா கேட்டேன். சித்தப்பாவே தன் பங்கிலிருந்து கொடுத்துவிட்டார். பாதி யூரியாவிலேயே விளைந்துவிடும் என்று இன்னும் அவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். தக்கைப்பூண்டு விதைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.